பிரேஸ் போட்ட வாயில் ஈறு நோய்: எப்படி வருகிறது, எப்படித் தடுப்பது

பல்லை வரிசைப்படுத்தும் கம்பியான பிரேஸ் போட்டு இரண்டு மூன்று மாதம் ஆன பிறகு, ஒரு நாள் காலையில் துப்பும் நுரையில் சிவப்பு தெரியும். அதைப் பார்த்ததும் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். இரத்தம் வரும் இடத்தைத் தொடாமல் மற்ற இடங்களை மட்டும் துலக்குவார்கள். "புண்ணா இருக்கு, ரெண்டு நாள் ஆறட்டும்" என்று வீட்டிலும் சொல்வார்கள். ஈறு நோய்க்கு இதைவிட வசதியான யோசனை கிடையாது. அந்த ஈறு பெரும்பாலும் தேய்ந்து புண்ணானதல்ல, பிரஷ் போய்ச் சேராததால் வீங்கியது. அங்கே இன்னும் மெதுவாக, இன்னும் அதிக நேரம் துலக்க வேண்டும்.

ஏன் என்று புரிந்துகொள்ள, பல்லில் படிவது என்ன என்று பார்க்க வேண்டும். அது சோற்றுப் பருக்கை அல்ல. தண்ணீர்க் குடத்தை நான்கு நாள் கழுவாமல் வைத்தால் உள்பக்கம் வழுவழுவென்று ஒரு படலம் பிடிக்குமே, அதே வகைதான். கிருமிகள் கூட்டமாகச் சேர்ந்து, தங்களைச் சுற்றி ஒரு பசையைச் சுரந்துகொண்டு ஒட்டியிருக்கும் படலம். துலக்கி முடித்த சில மணி நேரத்திலேயே மறுபடி உருவாகத் தொடங்கும். குடத்தில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் அந்த வழுவழுப்பு போவதில்லை, கையை விட்டுத் தேய்த்தால்தான் போகும். பல்லும் அப்படியே. வாய் கொப்பளிப்பது, மவுத்வாஷ், நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு எல்லாம் குலுக்குகிற வேலை. தேய்க்கிற வேலையை எதுவோ ஒரு நார் நேரில் போய்ச் செய்தாக வேண்டும்.

தேய்க்காமல் விட்டால் எத்தனை நாளில் ஈறு கெடும்? டென்மார்க்கில் 1965-இல் ஹரால்ட் லோ என்பவரும் அவருடைய சகாக்களும் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஈறு ஆரோக்கியமாக இருந்த 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாள்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரம் பத்து நாளில் சரியானது. அவர்கள் யாரும் பிரேஸ் போட்டவர்கள் அல்ல. பிரேஸ் போட்டவர் தினமும் துலக்கினாலும், கம்பிக்கு மேலே ஒரு கோடு மட்டும் விடுபட்டுப் போனால், அந்தக் கோட்டுக்கு மட்டும் இதே கணக்குதான்.

அந்தக் கோடு எங்கே இருக்கிறது? கண்ணாடி முன் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். பல்லின் நடுவில் பிராக்கெட், அதாவது கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டிய சின்னத் துண்டு. அதற்கும் ஈறுக்கும் இடையில் சில மில்லிமீட்டர் பல் தெரியும். கடைவாய்ப் பக்கம் போகப் போக அது இன்னும் சுருங்கும். சாதாரணமாக பிரஷைக் கொண்டுபோனால் அதன் நார்கள் பிராக்கெட்டின் மீதே நின்றுவிடும். உலோகம் பளபளவென்று ஆகிவிடும், பின்னால் உள்ள அந்த ஓரம் அப்படியே இருக்கும். இரண்டாவது பதுங்குமிடம் பல்லுக்கும் பல்லுக்கும் இடையில், கம்பிக்குப் பின்னால். மூன்றாவதாக, கடைவாய்ப் பல்லில் மோதிரம்போல் மாட்டிய பேண்ட் இருந்தால், அதன் விளிம்பு ஈறுக்குள்ளேயே கொஞ்சம் இறங்கியிருக்கும். பற்களை ஒன்றோடொன்று இழுக்கப் போடும் ரப்பர் செயின், இடைவெளியை மூட வைக்கும் சுருள், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கி எல்லாமே கிருமிகளுக்குத் திண்ணைதான்.

படலம் நாள்பட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்பு, பாஸ்பேட் உப்புகள் அதில் இறங்கிக் கெட்டியாகும். அதுதான் காரை. படலத்தை பிரஷ் எடுக்கும், காரையை எந்த பிரஷும் எடுக்காது. அதைக் கிளினிக்கில்தான் சுரண்ட வேண்டும். வீட்டில் ஊசி, பல்குத்தி கொண்டு முயல வேண்டாம். ஈறு கிழியும், பிராக்கெட்டும் பெயர்ந்துவிடும்.

ஈறு நோயில் இரண்டு கட்டம் உண்டு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ரொம்ப முக்கியம். முதல் கட்டத்தில் ஈறு மட்டும் சிவந்து, உப்பி, தொட்டால் இரத்தம் கசியும். வலி பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் கவனிக்காமல் போகிறோம். இது முழுக்கத் திரும்பக்கூடியது. இரண்டாவது கட்டத்தில் அந்தச் சிவப்பும் வீக்கமும், அதாவது அழற்சி, கீழே இறங்கி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையத் தொடங்கும். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வராது. பிரேஸ் பல்லை நகர்த்துவதே அந்த எலும்பை ஒரு பக்கம் கரைத்து மறுபக்கம் வளரவைத்துத்தான். அழற்சி இல்லாத எலும்பு இந்த வேலையைப் பிரச்சினையின்றிச் செய்யும். அழற்சி உள்ள எலும்பின் மீது அதே விசையைப் போட்டால் கரைவது வேகமாகும், வளர்வது பின்தங்கும். ஈறு மோசமாக இருக்கும்போது பல் டாக்டர் கம்பியை இறுக்காமல் "முதல்ல ஈறு சரியாகட்டும்" என்று திருப்பி அனுப்பினால் கோபப்பட வேண்டாம். அவர் சரியாகத்தான் செய்கிறார்.

இன்னொன்றும் நடக்கும், முக்கியமாகப் பதின்ம வயதில். ஈறு உப்பி உப்பி பிராக்கெட்டின் மேல் பாதியையே மூடிவிடும். பருவ வயது ஹார்மோன்கள் ஈறைக் கூடுதலாகத் தூண்டிவிடுகின்றன. மூக்கடைப்பால் வாயால் மூச்சு விடும் பிள்ளைகளுக்கு மேல் முன்பற்களின் ஈறு காய்ந்து இன்னும் அதிகமாக வீங்கும். ஈறு மூடினால் அடியில் துலக்க முடியாது, துலக்காவிட்டால் இன்னும் மூடும். இந்தச் சுற்றை ஆரம்பத்திலேயே அறுக்க வேண்டும். விட்டுவிட்டால் பிரேஸ் கழற்றிய பிறகு கூடுதல் ஈறை வெட்டி எடுக்க வேண்டிய நிலைகூட வரலாம்.

சரி, துலக்குவது எப்படி?

இரவு படுக்கும் முன் ஒரு முழுத் துலக்கல், நான்கைந்து நிமிடம். காலையில் இரண்டு மூன்று நிமிடம். மதியம் பள்ளியிலோ ஆபீசிலோ பிரஷ் செய்ய முடியாவிட்டால் பரவாயில்லை, தண்ணீரை வாயில் வைத்துப் பலமாகக் கொப்பளித்து, பையில் ஒரு இடைப்பல் பிரஷ் (பல்லிடுக்கில் நுழையும் குட்டி பிரஷ்) வைத்திருந்தால் அதை ஓட்டிவிடுங்கள். அவசரமாக மூன்று தடவை துலக்குவதைவிட இரவில் ஒரு தடவை ஒழுங்காகத் துலக்குவது மேல்.

மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே மாட்டும் இழுப்பு ரப்பர் இருந்தால் முதலில் கழற்றுங்கள். கொப்பளித்து, சிக்கிய உணவை வெளியேற்றுங்கள். பிறகு இடைப்பல் பிரஷ். அதன் பிறகுதான் பெரிய பிரஷ். வரிசையை மாற்றினால் பெரிய பிரஷ் உணவைத்தான் கம்பிக்குள் திணிக்கும்.

பெரிய பிரஷ் மென்மையான நாருடன், சின்னத் தலையாக இருக்கட்டும். நடுவில் பள்ளம் விழுந்த பிரேஸ் பிரஷ்களும் கார்டியன், வாட்சன்ஸ் கடைகளில் கிடைக்கின்றன. பள்ளம் பிராக்கெட் மீது உட்கார, இரு பக்க நார்களும் பல்லைத் தொடும். வசதியானதுதான், ஆனால் அது கட்டாயமில்லை. சாய்வுதான் கட்டாயம். பிரஷை ஈறை நோக்கி 45 டிகிரி சாய்த்து, பாதி நார் ஈறின் ஓரத்திலும் பாதி நார் பல்லிலும் இருக்கும்படி வையுங்கள். இழுத்துத் தேய்க்காமல் அங்கேயே சின்னச் சின்னதாக அதிரவிடுங்கள். இரண்டு பல்லுக்குப் பத்து எண்ணும் நேரம். பிறகு அடுத்த இரண்டு. மேல்வரிசை முழுதும் ஈறு ஓரம் முடிந்த பிறகு, பிராக்கெட்டின் மேல்விளிம்பில் பிரஷை வைத்துக் கீழ்நோக்கி ஒரு சுற்று, கீழ்விளிம்பிலிருந்து மேல்நோக்கி ஒரு சுற்று. கடிக்கும் பரப்பு, கடைசியாக உள்பக்கம். கீழ் முன்பற்களின் உள்பக்கத்தை மறக்க வேண்டாம். எச்சில் சுரப்பி திறக்கும் இடம் அது, வாயிலேயே காரை வேகமாகப் படிவது அங்கேதான். பிரஷை நெட்டுக்குத்தாகப் பிடித்து நுனியால் துலக்குங்கள்.

அழுத்தம் வேண்டாம். நார்கள் விரிந்து படுத்தால் அழுத்தம் அதிகம். கீழ் முன்பற்களின் ஈறு பலருக்கு மெல்லியது, அழுத்தித் தேய்த்தால் கீழே இறங்கிவிடும், இறங்கிய ஈறு ஏறாது. சாதாரணமாக மூன்று மாதம் வரும் பிரஷ், பிரேஸ் போட்டவர்களுக்கு ஆறேழு வாரத்தில் சடை சடையாகிவிடும். மாற்றிவிடுங்கள். மின்சார பிரஷ் நன்றாக வேலை செய்யும், ஆனால் அதைத் தேய்க்கக் கூடாது. ஒவ்வொரு பல்லின் ஈறு ஓரத்திலும் மூன்று நான்கு விநாடி நிறுத்தி நிறுத்தி நகர்த்த வேண்டும்.

பற்பசை பட்டாணி அளவு போதும். ஃபுளோரைடு 1,350 முதல் 1,500 பிபிஎம் வரை உள்ளதா என்று பெட்டியில் பாருங்கள். வீட்டில் மூலிகைப் பற்பசை வாங்கும் பழக்கம் இருந்தால் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், பலவற்றில் ஃபுளோரைடு இருக்காது. ஈறைக் கெடுக்கும் அதே படலம்தான் பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகத் தழும்பு விழவும் காரணம். பிரேஸ் கழற்றும் நாளில்தான் அது கண்ணில் படும்.

முடித்ததும் கண்ணாடியில் பாருங்கள். பிராக்கெட்டின் நான்கு ஓரங்களும் கூராகத் தெரிகின்றனவா? ஈறு ஓரத்தில் மஞ்சள் வெண்மையாக மாவு பூசியதுபோல் ஏதாவது இருக்கிறதா? சந்தேகமாக இருந்தால் படலத்துக்கு மட்டும் நிறம் ஏற்றும் மாத்திரை கிடைக்கும். மென்று துப்பினால் விட்டுப்போன இடமெல்லாம் ஊதாவோ சிவப்போ ஆகும். வாரம் ஒருமுறை பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள், ஆயிரம் தடவை "ஒழுங்கா விளக்கு" என்று கத்துவதைவிட அது நன்றாகப் பேசும்.

இடைப்பல் பிரஷ்

போத்தல் கழுவும் பிரஷின் குட்டிப் பதிப்பு இது. பிரேஸ் போட்டவர் வாங்க வேண்டிய ஒரே ஒரு கூடுதல் பொருள் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். அளவைக் காட்டும் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அளவு எண்ணைப் பார்த்து வாங்குங்கள். பெரும்பாலோருக்கு இரண்டு அளவு தேவைப்படும். கம்பிக்கு அடியில் ஓட்டப் பெரிதாக ஒன்று, பல்லிடுக்கில் ஈறோரம் நுழையச் சிறிதாக ஒன்று. பலருக்கு 0.5 அல்லது 0.6 மி.மீ. கம்பி உள்ளது பொருந்தும். இலேசான தடையோடு நுழைய வேண்டும். வளைந்து மடங்கினால் பெரிது, தொளதொளவென்று போனால் சிறிது.

மேலிருந்து கம்பிக்குப் பின்னால் நுழைத்து, பிராக்கெட்டின் இடப்பக்கச் சுவரை நாலைந்து தடவை தேய்த்து எடுங்கள். பிறகு வலப்பக்கச் சுவர். பிறகு ஈறுக்குச் சற்று மேலே, பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலான முக்கோண இடுக்கில் நேராகக் குத்தாமல் மெல்லச் சாய்த்து நுழையுங்கள். பற்பசை தேவையில்லை, தண்ணீர் போதும். ஒரு பிரஷ் ஒரு வாரம் பத்து நாள் வரும். நடுக்கம்பி நெளிந்துவிட்டால் உடனே தூக்கிப் போடுங்கள், கம்பி ஈறைக் குத்தும்.

சில பற்கள் நெருக்கமாக ஒட்டியிருக்கும், அங்கே இந்த பிரஷ் போகாது. அந்த இடத்துக்கு ஃபுளோஸ் நூல்தான். சாதாரண நூல் கம்பிக்கு அடியில் போகாது என்பதால், ஒரு முனை விறைப்பாகவும் நடுவில் பஞ்சுபோலவும் உள்ள பிரேஸ் நூல் வாங்குங்கள். விறைத்த முனையைக் கம்பிக்குப் பின்னால் ஊசி கோர்ப்பதுபோல் கோர்த்து, பஞ்சுப் பகுதியைப் பல்லைக் கட்டிப்பிடித்தபடி மேலும் கீழும் இழுக்க வேண்டும். முழு வாய்க்கும் முதல் வாரத்தில் கால் மணி நேரம் ஆகும், பழகினால் பாதியாகும். தினமும் இரண்டும் செய்யப் பொறுமை இல்லாதவர் இடைப்பல் பிரஷை விடாமல் செய்யட்டும், நூலை நெருக்கமான இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும். தண்ணீர் பீய்ச்சும் கருவி சிக்கிய மீஹூனை வெளியே தள்ளும், ஈறு இரத்தக் கசிவையும் குறைக்கும். ஆனால் அது துணைக்குத்தான், பிரஷுக்குப் பதிலாக அல்ல. வாங்கினால் குறைந்த அழுத்தத்தில் தொடங்குங்கள்.

மவுத்வாஷில் ஈறுக்கு உண்மையிலேயே வேலை செய்யும் மருந்து குளோர்ஹெக்சிடின். 0.2 சதவீதம் என்றால் 10 மி.லி. ஒரு நிமிடம், 0.12 சதவீதம் என்றால் 15 மி.லி. அரை நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை. டாக்டர் சொன்ன நாள்களுக்கு மட்டும், வழக்கமாக இரண்டு வாரம். அதைத் தாண்டி எடுத்துக்கொண்டே போனால் பல்லும் நாக்கும் பழுப்பேறும். தே தாரேக்கும் கோப்பியும் அதைச் சீக்கிரமாக்கும், நாக்கு ருசியும் மாறும். பற்பசையோடு சேர்ந்தால் இந்த மருந்து வீரியம் இழக்கும் என்பதால் இரண்டுக்கும் அரை மணி இடைவெளி விடுங்கள். உப்புத் தண்ணீர், ஒரு கிளாஸ் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, புண்ணுக்கு இதம் தரும். படலத்தை எடுக்காது. தூள் உப்பை விரலால் ஈறில் தேய்ப்பதும், வேப்பங்குச்சி மெல்வதும் பிரேஸ் உள்ள வாயில் வேண்டாம். குச்சியின் நார் கம்பியில் சிக்கி ஈறுக்குள் இறங்கிவிடும்.

பினாங்கில் வாழ்ந்துகொண்டு நாசி கண்டாரை விடச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. கேட்கவும் வேண்டாம், கறி ஈறைக் கெடுப்பதில்லை. மஞ்சள் தூள், கம்பியைப் பிராக்கெட்டில் பிடித்திருக்கும் ரப்பர் வளையங்களில் சாயமேற்றும், அவ்வளவுதான். தெளிந்த நிற வளையம் போட்டவர் ஒரே சாப்பாட்டில் மஞ்சளாகிவிடுவார். அது அழுக்கு அல்ல, அடுத்த தடவை மாற்றும்போது போய்விடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த மஞ்சளைப் பார்த்துப் பயந்து வளையத்தையே விழுந்து விழுந்து தேய்ப்பார்கள், இரண்டு மில்லிமீட்டர் தள்ளி ஈறோரத்தில் இருக்கும் நிறமில்லாத படலத்தை விட்டுவிடுவார்கள். தினமும் கறி சாப்பிடுபவர் அடர் நிற வளையம் கேட்டு வாங்குவது நல்லது.

கவனிக்க வேண்டியது நாரும் சர்க்கரையும். ஆட்டிறைச்சி நார், காங்கோங் தண்டு, பலாச்சுளை, மாம்பழம் கம்பியைச் சுற்றிக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு எடுத்துவிட்டால் தொல்லையில்லை. மதியம் முழுக்க உறிஞ்சிக்கொண்டே இருக்கும் சிரப் பண்டோங், ஐஸ் மைலோ படலத்துக்குத் தொடர் விருந்து. குடிப்பதாக இருந்தால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்து முடியுங்கள். தீபாவளி முறுக்கும், பொங்கல் கரும்பும், செண்டோல் ஐஸைக் கடிப்பதும் பிராக்கெட்டைப் பெயர்க்கும். பெயர்ந்த பிராக்கெட் கம்பியில் சுழன்று ஈறை உரசும், அடியில் அழுக்கு சேரும், சிகிச்சையும் நீளும். முறுக்கைப் பாலிலோ தேநீரிலோ ஊறவைத்துச் சாப்பிடுங்கள், ருசி வேறுதான், என்ன செய்வது. நோன்பு மாதத்தில் பகல் முழுக்க வாய் காய்வதால் எச்சிலின் காவல் குறையும். சஹர் முடிந்ததும் ஒரு முழுத் துலக்கல், இரவு படுக்கும் முன் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்கள் பிரேஸ் போடுவது கோலாலம்பூரில் இப்போது சாதாரணம். அவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று நீரிழிவு. மலேசிய இந்தியர்களிடையே அது அதிகம் என்று தேசிய ஆய்வுகள் காட்டுகின்றன. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு ஈறு நோய் சீக்கிரம் எலும்புக்கு இறங்கும். ஈறு அழற்சி சர்க்கரையையும் ஏற்றும். பிரேஸ் போடும் முன் கடைசி எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) அளவை டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டாவது மருந்துகள். இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், நிஃபெடிபின், வலிப்புக்கான ஃபெனிடோயின் ஆகியவை சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள், பல் டாக்டரிடமும் மருந்து எழுதியவரிடமும் சொல்லுங்கள். புகை பிடிப்பவருக்கு இன்னொரு ஏமாற்று இருக்கிறது. புகை ஈறின் இரத்தக் கசிவை மறைத்துவிடும். இரத்தம் வரவில்லை என்பதால் ஈறு நன்றாக இருக்கிறது என்று அவர் எண்ணிக்கொள்ள முடியாது.

கிளினிக்கில் கேட்க வேண்டியவை

கம்பி இறுக்க நான்கு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை போகிறோம். அது காரை எடுக்கும் வருகை அல்ல, இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடுகிறோம். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காரை எடுக்கத் தனியாகக் கேளுங்கள். கம்பி மாற்றும் நாளிலேயே, பழைய கம்பியைக் கழற்றியதும் புதியதை மாட்டும் முன் செய்தால் எல்லா இடமும் எட்டும். கம்பி இல்லாத அந்த நேரத்தில் உங்களையே ஒருமுறை துலக்கவும் விடச் சொல்லலாம், பல கிளினிக்குகள் மறுப்பதில்லை.

ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான பள்ளத்தை மெல்லிய அளவுகோலால் அளந்து எண் சொல்வார்கள். 1 முதல் 3 மி.மீ. நலம். 4 அல்லது அதற்கு மேல், அதோடு இரத்தமும் வந்தால் விசாரிக்க வேண்டும். வீங்கிய ஈறு மேலே ஏறியதாலும் எண் கூடலாம். எலும்பு கரைந்ததா இல்லையா என்பதை எக்ஸ்ரே சொல்லும்.

சமூக ஊடகத்தில் மலிவாக, வீட்டுக்கே வந்து பிரேஸ் ஒட்டுகிறோம் என்று விளம்பரம் வரும். மலேசியாவில் 2018-ஆம் ஆண்டு பல் மருத்துவச் சட்டப்படி பதிவு பெறாதவர் அதைச் செய்வது குற்றம். சட்டத்தை விடுங்கள், ஈறின் கணக்கில் பாருங்கள். ஈறை ஒட்டியே பசை வழிந்து கிடக்கும், காரைக்கு மேலேயே பிராக்கெட் உட்கார்ந்திருக்கும், எக்ஸ்ரேயும் இருக்காது. மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் டாக்டரின் பெயரைத் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

இன்றிரவு தொடங்கினால் என்ன எதிர்பார்க்கலாம்? முதல் மூன்று நாலு நாள் இரத்தம் கூடுதலாகக்கூட வரும். நிறுத்தாதீர்கள். ஒரு வாரத்தில் குறையும், இரண்டு வாரத்தில் பெரும்பாலும் நிற்கும், ஈறு வெளிறிய இளஞ்சிவப்பாகி இறுகும். இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் நிற்காவிட்டால் அடியில் காரை இருக்கிறது என்று வைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். ஈறை அழுத்தினால் சீழ் வருவது, துலக்கியும் போகாத நாற்றம், ஈறு பிராக்கெட்டை மூடுவது, ஒரு பல் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாக ஆடுவது ஆகியவற்றுக்கு இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டாம். கம்பி இறுக்கிய பின் இரண்டு மூன்று நாள் கடிக்கும்போது வலிப்பதும், பல் இலேசாக ஆடுவதும் வேறு விஷயம், அது பல் நகர்வதன் வலி. அந்த நாள்களில் சோறைக் குழைத்துச் சாப்பிடுங்கள், துலக்குவதை மட்டும் விடாதீர்கள்.

பிரேஸ் கழற்றியதும் கீழ் முன்பற்களின் பின்னால் ஒரு மெல்லிய கம்பியை ஒட்டிவிடுவார்கள். பற்கள் பழைய இடத்துக்கு நழுவாமலிருக்க அது பல வருடம் அங்கேயே இருக்கும். காரை வேகமாகப் படியும் இடம் என்று மேலே சொன்னது அதே இடம். எனவே இடைப்பல் பிரஷ் பாக்கெட்டை அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.